கருவிக்கு எஜமானன் யார்? - ஜே. சி. குமரப்பா வாழ்க்கை வரலாறு



போகபூமிக் காலத்தில் கற்பக மரங்கள் வேண்டியதை எல்லாம் வழங்கின. உழைப்பும் இல்லை, பசியும் இல்லை. காலம் மாறி அம்மரங்களின் வளம் குன்றி, மக்கள் செய்வதறியாது திகைத்து நின்றபோது, ஆதிபகவனாகிய விருஷபதேவர் அசி, மசி, கிருஷி, வித்யா, வாணிஜ்யம், சில்பம் என்னும் அறுதொழில்களையும் கற்பித்தருளினார் என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் புராணச் செய்தி. ஆகவே கருவி நமக்குப் பகையன்று. கர்மபூமியில் பிறந்தவர் எவரும் கருவியின்றி வாழ்தல் இயலாது. எனினும் எந்தக் கருவி, யாருடைய கையில், எந்த அளவில் இருத்தல் வேண்டும் என்னும் வினா அன்று தொட்டு இன்றுவரை தீராத வினாவாகவே நிற்கின்றது. இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளை ஒப்படைத்த தமிழர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். ஜே. சி. குமரப்பா என்னும் அப்பெரியார் கிறிஸ்தவ சமயத்தவர். ஆயினும் அவர்தம் வரலாறு, தறி ஒலிக்கும் காஞ்சியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் அறிந்து சிந்திக்கத் தக்கது.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். ஒழுங்கும் நேரந் தவறாமையும் தந்தையாரிடமிருந்தும், ஏழைகளுக்கு இரங்கும் குணம் தாயாரிடமிருந்தும் அவருக்கு வாய்த்தன என்பர். சென்னையில் பயின்றபின் இலண்டன் சென்று கணக்காய்வுத் தொழில் கற்றுத் தேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தை அங்கேயே கழித்து, தாயாரின் விருப்பத்திற்கு இணங்கி 1919இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் கணக்காய்வாளராக அமர்ந்து, நாளடைவில் சொந்த நிறுவனமும் கண்டார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டுப் பழக்கம் ஆகியவற்றோடு வளமாக வாழ்ந்த அந்த இளைஞரைக் கண்டவர், பின்னாளில் அவர் குடிசையில் வாழ்வார் என்று கனவிலும் கருதியிரார்.

அமெரிக்கா காட்டிய இரு முகங்கள்

1927இல் குமரப்பா அமெரிக்கா சென்றார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்று, நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அவர் சென்று சேர்ந்த ஆண்டு, அந்நாட்டு எந்திரத் தொழில் வரலாற்றிலேயே குறிப்பிடத்தக்க ஆண்டாகும். ஹென்றி ஃபோர்டு, டி வகைக் கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து முடித்து, அவ்வகையை நிறுத்தியது அந்த 1927ஆம் ஆண்டில்தான்.

ஆயினும் அமெரிக்க மக்களின் உள்ளம் எந்திரத்தை மட்டுமே போற்றிற்று என்று கொள்ளுதல் பிழையாகும். உழுதுண்டு வாழ்வோரே குடியரசின் அடித்தளம் என்பது அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராகிய தாமஸ் ஜெஃபர்சன் கொண்டிருந்த கருத்து. 1845இல் தோரோ என்னும் அறிஞர் வால்டன் என்னும் ஏரிக்கரையில் சிறு குடில் கட்டி எளிய வாழ்வு வாழ்ந்தார். ஏரியின் ஓரமாகவே புகைவண்டிப் பாதை சென்றமையால் அவருடைய தனிமையினுள்ளும் எந்திரத்தின் ஊதல் ஒலி புகுந்தது. ஃபோர்டு அவர்களே தம் கார்களால் மாறிப்போன பழைய நாட்டுப்புறத்தை எண்ணி ஏங்கினார் போலும். பழைய வீடுகளையும் பட்டறைகளையும் பெயர்த்துக் கொணர்ந்து, டியர்பார்ன் நகரில் கிரீன்ஃபீல்டு கிராமம் என்னும் காட்சிச் சிற்றூரை அமைத்து 1929இல் திறந்துவைத்தார். ஒரு கையால் கிராமத்தைக் கரைத்து, மறு கையால் அதனைக் காட்சிப் பொருளாக்கிய விந்தை இது. கிராமத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்காமல், அதனை உயிரோடு வாழவைக்கும் வழியைத் தேடியதே குமரப்பாவின் பிற்கால வாழ்வு முழுவதும் எனலாம்.

அமெரிக்காவில் இருந்தபோது, இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் ஆற்றிய உரையொன்றின் செய்தி நாளிதழில் வெளியாயிற்று. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். ஆங்கில அரசின் வரிக் கொள்கையும் செலவு முறையுமே நம் வறுமையைப் பெருக்கின என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவாயிற்று. பிறருடைய கணக்கைச் சரிபார்த்து வந்தவர், தம் நாட்டின் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கினார். குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதை அக்காலத்திலேயே மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

காந்தியடிகளைக் காணல்

1929 மே 9ஆம் நாள், ஆராய்ச்சி நூலை வெளியிடுவது பற்றிப் பேசுவதற்காகச் சாபர்மதி ஆசிரமம் சென்றார். மேனாட்டு உடையில் குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே சென்றவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். அவரே காந்தியடிகள் என்று அறிந்ததும், காற்சட்டையுடன் அத்தரையிலேயே அமர்ந்தார். காந்தியடிகள் அந்த ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்ததோடு, குஜராத்தில் ஒரு வட்டத்தின் கிராமங்களை நேரில் ஆராய்ந்து தருமாறும் பணித்தார். குஜராத்தி மொழி அறியாத குமரப்பாவுக்குத் துணையாகக் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் அமைந்தனர். கேடா மாவட்டம் மாத்தர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, வரவு செலவு, கடன், கால்நடை, விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தனர். ஏட்டில் கண்ட வறுமையை அவர் கண்ணால் கண்டது அப்போதுதான். அதன்பின் பம்பாய் வாழ்வுக்கு அவர் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில் யங் இந்தியா இதழைத் தாம் நடத்தினார். அதன் பொருட்டுத் தாமும் சிறை சென்றார். 1934இல் பீகாரை நிலநடுக்கம் அழித்தபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்தணிப்புக் குழுவின் கணக்குப் பொறுப்பை ஏற்றார். தொண்டர் உணவுக்கென விதித்த சிறு தொகைக்கு மேல் ஒரு காசும் தரமாட்டார். காந்தியடிகளுடன் வந்த பரிவாரத்தின் செலவையும் அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார். காந்தியடிகள் அதனை மனமுவந்து ஏற்றார். பொதுப்பணம் கையாளும் அறங்காவலர் எவரும் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இதுவாகும்.

மகன்வாடியில் நடந்த சோதனைகள்

1934ஆம் ஆண்டின் இறுதியில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழிற் சங்கம் தொடங்கப்பெற்றது. மகன்வாடி என்னும் இடத்தில் அமைந்த அச்சங்கத்தின் செயலாளராகக் குமரப்பா பல்லாண்டு பணியாற்றினார். அவருடைய இளவல் பாரதன் குமரப்பாவும் உடனிருந்து உழைத்தார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக் காகிதம், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, மட்பாண்டம் எனப் பல தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன.

இவர் எந்திரத்தை வெறுத்தவர் என்று பலர் எண்ணுவர். மகன்வாடியின் செயல்களைக் கண்டால் அது உண்மையன்று என விளங்கும். செக்கின் அமைப்பைத் திருத்தி மாட்டின் சுமையைக் குறைக்க முயன்றனர். புகையால் கண்ணெரியும் பெண்களுக்கென மகன் அடுப்பு வகுத்தனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கைச் செய்தனர். இவை யாவும் தொழில்நுட்பமே அல்லவா? ஆனால் அந்நுட்பம் கிராமத்து மனிதனின் கைக்கு அடங்கியது. பழுதானால் அவ்வூரிலேயே செப்பனிடத் தக்கது. அதன் எரிபொருள் ஆண்டுதோறும் வயலில் விளைவது.

நிலக்கரியும் பெட்ரோலியமும் பூமிக்குள் அளவோடு கிடக்கும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறைவது. குறைவதன்பொருட்டு நாடுகள் தம்முள் போரிடும். மரம், நீர், பயிர், மனித உழைப்பு ஆகியவை ஓடும் ஆறு போன்றவை. அளவறிந்து கொண்டால் வற்றாதவை. முன்னதை நம்பிய வாழ்வு வன்முறையில் முடியும், பின்னதை நம்பிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

சிறையில் விளைந்த நூல்

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனை பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். கிராமத் தொழில்களின் டாக்டர் என்னும் பட்டத்தையும் அன்புடன் அவருக்குச் சூட்டினார்.

அந்நூலில் உயிர்களின் இயல்பைக் கொண்டு பொருளீட்டும் முறைகளை ஐந்தாக வகுத்தார். பிற உயிரை அழித்து வாழும் புலியின் முறை கடையானது. தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கின் முறை அடுத்தது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவையின் முறை அதனினும் மேலானது. கூட்டத்தின் பொதுநலனுக்காக உழைக்கும் தேனீயின் முறை நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் முறையே தலையாயது. மனிதன் மட்டுமே தன் விருப்பத்தால் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறவல்லவன் என்றார். தேனை விலக்கும் நாம் அவருடைய தேனீ வளர்ப்புத் திட்டத்தோடு உடன்படுதல் இயலாது. ஆயினும் பிற உயிருக்குச் செய்யும் தீங்கின் அளவைக் கொண்டே ஒரு தொழிலின் தரத்தை அளந்த இப்பகுப்பு நமக்கு அயலானதன்று.

மற்றொரு கருத்தும் கருதத் தக்கது. ஒரு பொருளை வாங்குபவர், அது எவ்வாறு செய்யப்பட்டதோ அந்தச் செயலின் நன்மை தீமைகளிலும் பங்கு கொள்கிறார் என்பது அவர் கொள்கை. அடிமை உழைப்பால் விளைந்த பொருளை மலிவு கருதி வாங்குபவர் தாம் அறியேன் என்று கை கழுவ முடியாது. கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டே பட்டு நூல் எடுக்கப்படுவதை எண்ணிப் பட்டுடுத்த மறுக்கும் மூத்தோர் நம் இல்லங்களிலும் உண்டல்லவா? அவர்கள் கேட்கும் கேள்வியையே குமரப்பா எல்லாப் பொருள்களுக்கும் விரித்துக் கேட்டார்.

விடுதலைக்குப் பின் கிட்டிய தனிமை

நேரு அவர்கள் தலைமையில் 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா இடம்பெற்றார். பெருந்தொழிலே நாட்டை உயர்த்தும் என்பது அக்குழுவினர் பலரின் கருத்தாதலால், சிறிது காலத்திலேயே விலகினார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் கட்சி அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1949இல் அறிக்கை தந்தார். இடைத்தரகர் ஒழிதல் வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும், உழுபவருக்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்பன அதன் முதன்மையான பரிந்துரைகள். பெரும்பாலானவை ஏட்டளவில் நின்றன. அணைகளும் உருக்காலைகளும் எழுந்த அந்நாளில் அவர் குரல் கேட்பாரற்று ஒலித்தது.

அவரை மறுத்தோரிடமும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது. கிராமம் என்பது சாதிக் கொடுமையும் குறுகிய நோக்கும் குடிகொண்ட இடம் என 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். உரலில் நெல் குத்திக் கை காய்த்த பெண்களுக்கு அரிசி ஆலை விடுதலையாகவே தோன்றியது. பெருகிவரும் மக்கள் தொகைக்கு உணவும் உடையும் விரைந்து வேண்டும் என்பதும் பொய்யன்று. புகைவண்டி, அஞ்சல் போன்றவை பெரிய அளவில் அரசின் பொறுப்பில் நடைபெறலாம் என்று குமரப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அன்றாடம் உண்பதும் உடுப்பதும் மக்களின் கையை விட்டு அகன்றால், உரிமையும் உடன் அகன்றுவிடும் என்னும் அச்சத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

உடல்நலம் குன்றியபின் தமிழகம் திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அங்கே தம் எளிய குடிலில் ஓர் ஏழை உழவனின் படத்தை வைத்திருந்தார். காந்தியடிகள் தமக்குத் தலைவர் என்றால், அத்தலைவருக்கும் தலைவன் இவ்வேழை உழவனே என்று காண்போருக்கு விளக்குவார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் குமரப்பா இயற்கை எய்தினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1973இல் வெளியான ஷூமாக்கர் என்னும் அறிஞரின் சிறியதே அழகு என்னும் நூல் குமரப்பாவின் கருத்தை எடுத்துக்காட்டியபோது, மேலைநாடுகள் அவரை வியந்து நோக்கின.

காஞ்சியில் நின்று காணும்போது

வேகவதி ஆற்றங்கரையில் ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் நம் திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கின்றது. அதன் அண்மையிலுள்ள நகரம் இன்று பட்டால் உலகறிந்தது. குமரப்பாவின் அளவுகோலை எடுத்து இந்நகரத்தை அளந்தால் எளிய விடை கிடைப்பதில்லை. மூலப்பொருளும் சந்தையும் அருகருகே இருத்தல் நலம் என்பது அவர் கருத்து. காஞ்சித் தறிக்கோ பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. உடுப்போரோ நெடுந்தொலைவில் உள்ளோர். இவ்வகையில் இது அவர் கருதிய கிராமத் தொழிலன்று. ஆனால் தறி நெசவாளர் வீட்டில் நிற்கிறது. கோர்வை முறையில் உடலையும் கரையையும் மூன்று நாடாக்கள் கொண்டு இணைக்கும் நுட்பம் நெசவாளரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. இவ்வகையில் இது அவர் போற்றிய தொழிலே.

ஜக்கார்டு பெட்டி தறிமேல் ஏறியபோது, பூவேலைக்குக் கயிறிழுக்கும் உழைப்புக் குறைந்தது. தறி நெசவாளருடையதாகவே நின்றது. கோர்வைக்கு மறுபுறம் அமர்ந்து நாடா எறியும் துணையாளாக முற்காலத்தில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பள்ளி செல்வதற்கு உதவும் கருவி எதுவாயினும் அதனைக் குமரப்பா வரவேற்றிருப்பார் என்பதில் ஐயமில்லை. விசைத்தறியின் நிலை வேறு. முதல் போட்டவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்னும் பிரிவு அதில் நேர்கின்றது. கைத்தறியின் பெயரால் விசைத்தறித் துணி விற்கப்படுவதும் உண்டு. இதனைத் தடுக்கவே 1985இல் கைத்தறிக்கு இனங்களை ஒதுக்கும் சட்டம் இயற்றப்பெற்றது. முதலில் ஒதுக்கப்பட்ட 22 இனங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன.

நகரைச் சுற்றி நிகழ்ந்த மாற்றம் இன்னும் பெரிது. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கார்களும் மின்னணுப் பொருள்களும் உற்பத்தியாகின்றன. நெசவாளர் மக்களும் உழவர் மக்களும் பேருந்து ஏறி ஆலைக்குச் செல்கின்றனர். மாதந்தவறாத ஊதியம் பல குடும்பங்களைக் கடனிலிருந்து மீட்டது. அதே நேரத்தில், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய நிறுவனம், மறைமலைநகரில் நடத்திவந்த கார் உற்பத்தியை 2022இல் நிறுத்தியது; மீண்டும் தொடங்குவது பற்றிய அறிவிப்புகள் பின்னர் வந்தன. தொடங்குவதும் நிறுத்துவதும் கடல் கடந்த ஓர் அறையில் முடிவாகின்றன. எந்திரத்தைவிட அம்முடிவின் தொலைவே அஞ்சத்தக்கது என்பதைக் குமரப்பா தம் காலத்திலேயே உணர்ந்திருந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றைப் படித்ததும் ஆலை வேலையை விட்டுத் தறிக்கோ ஏருக்கோ திரும்புங்கள் என்று நம் இளைஞருக்குச் சொல்லுதல் அறியாமையாகும். பசியை அறியாதவர் கிராமத்தின் அழகைப் பாடுதல் எளிது. குமரப்பா பாடவில்லை, வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றவை சில கேள்விகள். இக்கருவி என் உழைப்பை எளிதாக்குகிறதா, அல்லது என்னைத் தேவையற்றவனாக்குகிறதா? இது பழுதுற்றால் அதனைத் திருத்தும் அறிவு என்னிடமோ என் ஊரிலோ உண்டா? இதன் மலிவுக்கு எவரேனும், எவ்வுயிரேனும் விலை கொடுத்துள்ளதா? எனக்கு இது எவ்வளவு போதும்?

கடைசிக் கேள்வி, பரிமித பரிக்கிரகம் என்னும் அணுவிரதத்தை அறிந்த இல்லறத்தார்க்குப் புதிதன்று. மகனுக்குத் தொழில் தேரும்போதும், மகள் திருமணத்திற்குச் சேலை எடுக்கும்போதும், வயலை விற்க ஒருவர் வந்து விலை பேசும்போதும் இக்கேள்விகளைக் குடும்பத்தோடு அமர்ந்து ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம். விடை வீட்டுக்கு வீடு வேறுபடலாம். கேளாமல் எடுக்கும் முடிவை மட்டும் தவிர்ப்போமாக.

வாழ்க குமரப்பா அவர்களின் நற்புகழ்!